ஒற்றியும் கைபேசியும்

பொருளொன்றை வாங்குதல் வேறு. அதனைத் தன்னுடைமையாக்கிக் கொள்ளுதல் வேறு. விலை முழுவதையும் எண்ணிக் கொடுத்துப் பொருளைக் கையேற்கும் வழக்கம் நிலைத்திருந்தவரை இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை. பொருள் முன்னரும் பணம் பின்னருமாகக் கைமாறும் காலத்திலேதான், வாங்கியவர் கையிலிருக்கும் பொருள் எவ்வளவுக்கு அவருடையது என்ற வினா எழுகின்றது. கைபேசி இவ்வினாவை இன்று வீடுதோறும் எழுப்பியிருக்கின்றது. வயலோ வீடோ வாங்காதவரும், வங்கிப் படியேறிக் கடன் கேளாதவரும், தொலைபேசி நிறுவனமொன்றுடன் செய்துகொண்ட 24 மாத ஒப்பந்தத்தினாற் கட்டுண்டிருத்தல் கூடும். கட்டு அவிழும் முன்னரே கருவி பழுதுற்றால் என் செய்வது? தவணையும் செலுத்திக்கொண்டு, எஞ்சிய சிறு தொகையில் வேறொரு கருவியை எவ்வாறு தேர்ந்துகொள்வது? கேட்பதற்கு எளியவாகத் தோன்றினும், இவற்றுக்கு விடை காண்பவர் கடன், உரிமை, சுதந்திரம் என்பவற்றின் உட்பொருளையே தொட்டுவிடுகின்றார்.

யாழ்ப்பாணத்தவருக்கு இத்தகைய கட்டு முற்றிலும் புதியதன்று. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707 ஆம் ஆண்டிலே, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்தளித்த தேசவழமையில் ஒற்றி பற்றிய விதிகள் இடம்பெற்றுள்ளன. 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் ஆங்கிலேயரும் அத்தொகுப்புக்குச் சட்டவலு அளித்தனர். ஒற்றியிலே காணிக்காரர் தம் காணியைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைக்கின்றார். கடன் கொடுத்தவர் வட்டி வாங்குவதில்லை. வட்டிக்கு ஈடாகக் காணியின் விளைவை அனுபவிக்கின்றார். முதலைத் திருப்பிக் கொடுத்ததும் காணி மீள்கின்றது. கைபேசி ஒப்பந்தம் இவ்வொற்றியின் தலைகீழ் வடிவம் எனலாம். ஒற்றியில் உரிமை காணிக்காரரிடம் நிற்க, அனுபவம் மற்றவரிடம் செல்கின்றது. ஒப்பந்தத்திலோ அனுபவம் வாடிக்கையாளரிடம் இருக்க, உரிமையின் ஒரு கூறு நிறுவனத்திடம் தங்கிவிடுகின்றது. எனினும் இரண்டையும் அளக்கும் அளவுகோல் ஒன்றே. மீளும் நாள் எது? மீட்கும் தொகை எவ்வளவு? மீளும்வரை பயன் யாருக்கு? ஒற்றி எழுதும்போது எழுத்தறியாத முதியவரும் இம்மூன்றையும் கேளாமல் விடுவதில்லை. கைபேசிக் கடையிலே படித்தவரும் இவற்றைக் கேட்க மறந்துவிடுகின்றனர்.

இவ்வினாக்கள் உயிர்பெறும் இடமொன்றாகத் தீவகத்தின் புளியங்கூடலை நோக்கலாம். பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டியும் வேலணையும் பின்செல்ல, சரவணையையும் நாரந்தனையையும் அயலாகக் கொண்டு அமைந்த ஊர் அது. புளியமரம் கூடிநின்ற இடமென்று பெயரே பொருள்படும். எனினும் இன்று கண்ணை முதலில் ஈர்ப்பவை பனைகளே. 1990களின் தொடக்கத்தில் நிகழ்ந்த இடப்பெயர்வுக்குப் பின்னர் பலர் திரும்பி வரவில்லை. கனடாவிலும் ஐக்கிய இராச்சியத்திலும் பிரான்சிலும் வாழும் ஊரவரைச் சேர்த்து எண்ணினால்தான் ஊர் முழுமையடையும். ஒரு குடும்பத்தின் பேரப்பிள்ளை ஸ்காபரோவிலும், பாட்டி புளியங்கூடலிலுமாக இருக்கும்போது, கைபேசி ஆடம்பரப் பொருளாகாது; அதுவே திண்ணையாகவும் முற்றமாகவும் அமைந்துவிடுகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் பேருந்தேறும் மாணவருக்கோ அது நூலகத்தின் ஒரு பகுதியுமாகும். விரிவுரைக் குறிப்பும், தேர்வு அறிவித்தலும், ஒப்படை கையளிக்கும் நாளும் வாட்ஸ்அப் குழுவிலேயே முதலில் வருகின்றன.

இவ்வூரிலே தோட்டஞ்செய்யும் ஒருவரின் மகள் கலைப்பீடத்தில் இரண்டாம் வருட மாணவி. உவர்நீர் கலவாத கிணறொன்று வாய்த்திருப்பதே அக்குடும்பத்தின் பெருஞ்செல்வம். மகள் பல்கலைக்கழகம் புகுந்தபோது, 72,000 ரூபா பெறுமதியான கைபேசியொன்று ஒப்பந்த முறையிற் பெறப்பட்டது. 72,000 என்பது பெருந்தொகையாகத் தோன்றலாம். ஆயினும் 2022 ஆம் ஆண்டிலே, அமெரிக்க டொலரொன்றின் மதிப்பு ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. 2024 ஜனவரி முதல் கைபேசிகளுக்கும் 18 சதவீதப் பெறுமதிசேர் வரி விதிக்கப்பட்டது. இவற்றின் பின்னர், முன்னர் நடுத்தரமாயிருந்த கருவிகூட எட்டாத உயரத்துக்குப் போயிற்று. ஆதலின் தவணை ஒன்றே வழியாகத் தோன்றியது. மாணவிக்குச் சம்பளச் சீட்டு இல்லை. தோட்டக்காரரான தந்தைக்கும் இல்லை. அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞராயிருந்த சித்தப்பாவே ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டார். கருவிக்கு மாதம் 3,000 ரூபா, சேவைக்கு 1,400 ரூபா, ஆக 4,400 ரூபா. காலம் 24 மாதம். மகாபொல உதவித்தொகையிற் பெரும்பகுதி இதற்கே சென்றது.

ஒப்பந்தம் எழுதப்பட்டது யாழ்ப்பாண நகரில். அங்கே சமிக்ஞை குறைவின்றிக் கிடைத்தது, திருநெல்வேலியிலும் அவ்வாறே. வீட்டில் அது எவ்வாறிருக்கும் என்று ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. வீட்டுக்குள்ளே அந்நிறுவனத்தின் இணையச் சேவை அரைகுறையாகவே எட்டியது. மாலையில் ஒப்படையொன்றை அனுப்புவதாயின் வீதியோரத்து மதகுக்கு நடக்கவேண்டும். இருட்டிய பின் மகளைத் தனியே விட மனமில்லாமல் தாயும் கூடச் சென்று, மதகுக் கட்டில் அமர்ந்திருப்பார். பகல் முழுவதும் உழைத்த உடம்பு அங்கே ஒரு மணி நேரம் காத்திருக்கும். ஒப்பந்தத்தின் எந்த வாசகத்திலும் இடம்பெறாத தவணை இது.

ஒன்பதாம் மாதத்திலே, பேருந்திலிருந்து இறங்கும் நெரிசலிற் கைபேசி வீதியில் விழுந்து, திரை நொறுங்கிப்போயிற்று. கருவியின் கணக்கில் 27,000 ரூபா செலுத்தப்பட்டிருந்தது. 45,000 ரூபா எஞ்சியிருந்தது. தவணை தவறினால் சித்தப்பாவின் பெயருக்கே இழுக்கு. உடைந்த கருவியை உதிரிப்பாகத்துக்கு விற்பதற்கும் உரிமையில்லை. முழுத்தொகையும் தீரும்வரை அதனைக் கைமாற்றலாகாது என்பது நிபந்தனை. திரை மாற்ற 21,000 ரூபா என்றார் திருத்துநர்.

தந்தையும் மகளும் நிறுவனத்தின் விற்பனை நிலையமொன்றுக்குச் சென்றனர். அங்கிருந்த இளைஞன் அன்பாகவே பேசினான்.

“தங்கச்சி, இப்ப ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. புதுப் போனை இண்டைக்கே கொண்டுபோகலாம். மாசம் அஞ்ஞூறு ரூபாதான் கூட.”

தந்தை சற்று யோசித்து, “அந்த அஞ்ஞூறு எத்தினை மாசத்துக்குத் தம்பி?” என்றார்.

அவ்வொரு வினாவிலேயே முழுக்கணக்கும் வெளிப்பட்டது. பழைய பாக்கி 45,000 ரூபாவுடன் புதிய கருவியின் விலை 60,000 ரூபாவைக் கூட்டி, 105,000 ரூபாவை 30 மாதங்களாகப் பிரித்தால், மாதத்துக்கு 3,500 ரூபா வரும். முன்னைய தவணை 3,000. ஆகவே வேறுபாடு 500 ரூபா மாத்திரமே. கூற்றில் பொய்யில்லை. ஆயினும் இன்னும் 15 மாதத்தில் அவிழவேண்டிய கட்டு 30 மாதத்துக்கு நீள்கின்றது. மேலதிகமான 15 மாதத்துக்கும் சேவைக் கட்டணமாக மாதம் 1,400 ரூபா வீதம் 21,000 ரூபா செலுத்தவேண்டும். புதிய கருவியின் 60,000 ரூபாவும் இந்த 21,000 ரூபாவும் சேர்ந்து 81,000 ரூபா, ‘மாதம் 500’ என்ற சொல்லுக்குள் மறைந்து நிற்கின்றது. தொகையைக் கூறாது வேறுபாட்டைக் கூறுவதும், முடிவுநாளைக் கூறாது தவணையைக் கூறுவதும் வணிகத்தின் பழைய கலைகள்.

“பழைய ஒற்றி மீளாமல் அதே காணிக்குப் புது ஒற்றி எழுதுறமாதிரியெல்லோ கிடக்கு” என்று வழியிலே தந்தை கூறினார். பொருளியல் பயின்ற ஒருவர் வேறு சொற்களிற் கூறக்கூடியதையே அவர் கூறினார்.

இவ்வாறான கட்டு எங்ஙனம் தோன்றியது என்பதை இவ்விடத்திற் சிறிது நோக்குதல் பொருத்தமாகும். தொலைபேசிக் கருவியும் தொலைபேசிச் சேவையும் ஒன்றோடொன்று பிணைந்தே வளர்ந்தன. அமெரிக்காவிலே நெடுங்காலமாகக் கருவி ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தினுடையதாகவே இருந்தது, வாடிக்கையாளர் அதற்கு வாடகை செலுத்தினர். அந்நிறுவனத்தின் கம்பியோடு பிறருடைய கருவியை இணைக்கலாகாது என்ற விதியை டெக்சாஸ் மாநிலத்தவரான தோமஸ் காட்டர் எதிர்த்தார். வானொலித் தொடர்பைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் அவரது ‘காட்டர்போன்’ பற்றி 1968 ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட தீர்ப்பு, வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத எக்கருவியையும் வாடிக்கையாளர் இணைத்துக்கொள்ள வழி திறந்தது. கருவி வேறு, சேவை வேறு என்ற கொள்கை அத்தீர்ப்பினால் வலுப்பெற்றது.

செல்லிடத் தொலைபேசி வந்தபோது பழைய பிணைப்பு புதிய உருவிலே திரும்பியது. கருவியின் விலையை நிறுவனமே முதலிற் பொறுத்துக்கொண்டு, மாதக் கட்டணத்திலே சிறிது சிறிதாக மீளப் பெற்றது. 2008 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐபோன் 3ஜி 199 டொலர் என்று விளம்பரப்படுத்தப்பட்டதன் பின்னே இரண்டு வருட ஒப்பந்தமொன்று நின்றது. இந்தியாவிலே 2003 ஆம் ஆண்டில் ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபா முன்பணத்துக்குக் கைபேசி வழங்கியபோது, மக்கள் திரண்டு சென்று வாங்கினர். சிம் அட்டை இல்லாத சி.டி.எம்.ஏ. வகைக் கருவி அது. வேறு நிறுவனத்துக்கு அதனை எடுத்துச் செல்ல இயலாது. பின்னர் மாதக் கட்டணத்தைக் கட்டாது நின்றோர் பலர், நிறுவனமும் இழப்புற்றது. எளிய மக்களின் கையிற் கைபேசியை முதன்முதலாகச் சேர்த்த பெருமையும் அத்திட்டத்துக்கு உண்டு என்பதை மறுத்தலாகாது. 2017 ஆம் ஆண்டில் வந்த ஜியோபோன் 1,500 ரூபா மீளளிக்கத்தக்க வைப்புக்குக் கிடைத்தது. அதுவும் ஒரே நிறுவனத்தின் சேவைக்கு உரியதாகவே இருந்தது.

இப்பிணைப்பைக் காக்கும் பூட்டு இரும்பாலானதன்று, எண்களாலானது. ஒவ்வொரு சிம் அட்டையிலும் ஓர் அடையாள எண் பதிந்திருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இலங்கைக்கு 413, கனடாவுக்கு 302. அடுத்துவரும் இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். பூட்டப்பட்ட கைபேசி இவ்விலக்கங்களை வாசித்து, தன்னுள் எழுதப்பட்டவற்றோடு ஒப்பிட்டு, பொருந்தாவிடின் சேவையை மறுத்துவிடும். கருவியில் வேறு குறையேதும் இராது. செவிப்புலனும் பேச்சும் உடைய ஒருவர், ஒருவரோடு மாத்திரமே பேசுவேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருப்பதைப் போன்றது அந்நிலை.

நாடுகள் பலவும் இச்சத்தியத்தைச் சட்டத்தினால் தளர்த்தியுள்ளன. கனடாவிலே மூன்று வருட ஒப்பந்தங்கள் வழக்கிலிருந்தன. 2013 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கம்பியில்லாச் சேவை விதிக்கோவை, இரண்டு வருடங்களுக்குப் பின் தண்டமின்றி விலகும் உரிமையை அளித்தது. அதற்கு முன் விலகுபவரும், கருவிக்காக நிறுவனம் பொறுத்த தொகையில் எஞ்சியதையே செலுத்தவேண்டும். அத்தொகையும் மாதந்தோறும் சமமாகக் குறைந்து செல்லும். 2017 டிசம்பர் 1 முதல் புதிய கருவிகள் பூட்டின்றியே விற்கப்படவேண்டும் என்றும், பழைய பூட்டுகளைக் கட்டணமின்றித் திறந்துகொடுக்க வேண்டும் என்றும் அங்கே விதிக்கப்பட்டது. அமெரிக்காவில் 2014 ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டுத் திறப்பதைக் குற்றமற்றதாக்கியது. ஐக்கிய இராச்சியத்தில் 2021 டிசம்பர் முதல் பூட்டிய கைபேசி விற்பது தடைசெய்யப்பட்டது. இலங்கையிலே பெரும்பாலோர் முற்கொடுப்பனவு முறையைச் சார்ந்திருப்பதால், இக்கட்டு சமூகத்தின் பொதுத் துயராக எழவில்லை. ஆயினும் பணத்தை ஒருங்கே புரட்ட இயலாதவர்க்கு ஒப்பந்தம் கைகொடுக்கும்போது, அக்கட்டின் பாரம் அவர்மேலேயே முழுவதுமாக விழுகின்றது.

கடல்கடந்த உறவு இவ்விடத்திலே குறுக்கிட்டது. தாயின் தமையன் ஸ்காபரோவில் வாழ்பவர். செய்தி கேட்டதும் அழைத்தார்.

“பிள்ளை, என்ரை பழைய போன் ஒண்டு லாச்சிக்குள்ளை சும்மா கிடக்கு. ஊருக்கு ஆரும் வரேக்கை குடுத்துவிடுறன்.”

“மாமா, அது பூட்டுப் போட்ட போனே?”

மறுமுனையிற் சிறிது நேரம் மௌனம். அவருக்கு அது தெரியாது. 2016 ஆம் ஆண்டிலே தாமும் ஒப்பந்தத்திற் பெற்ற கருவி அது. அதே நிறுவனத்தோடே தொடர்ந்ததால் பூட்டிருப்பதை உணரும் சந்தர்ப்பமே அவருக்கு வாய்க்கவில்லை. அசையாதவர் தம் காலிற் கிடக்கும் சங்கிலியை அறிவதில்லை. அவர் தமது நிறுவனத்தை அழைத்துக் கேட்டபோது பூட்டு இலவசமாகத் திறக்கப்பட்டது. எனினும் பூட்டுத் திறந்தவுடன் கருவி புளியங்கூடலில் பயன்பட்டுவிடும் என்பதற்கில்லை. வட அமெரிக்காவில் நான்காம் தலைமுறைச் சேவைக்கு வழங்கும் அலைவரிசைகள் சில இலங்கையில் வழங்குவனவல்ல. இங்கே 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை முதன்மையாகப் பயன்படுகின்றது. கருவி அதனை ஏற்குமா என்பதை அதன் மாதிரி இலக்கத்தைக் கொண்டு அறியவேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண். நட்சத்திரக்குறி, சதுரக்குறி, 06, சதுரக்குறி என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். ஐ.எம்.ஈ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளையும் ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 1909 இற்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி அக்கருவிக்கு உண்டா என்பதை அறியலாம். 2025 ஜனவரி 28 இற்குப் பின்னர் புதிதாக இணைக்கப்படும் அனுமதியற்ற கருவிகளுக்குச் சேவை கிடையாது என்று ஆணைக்குழு அறிவித்தது. அன்பளிப்பாயினும், அதனைப் பதிவு செய்வதற்கான முயற்சியும் செலவும் பெறுபவரைச் சாரும். இவற்றோடு, ஒன்பது வருடம் பழைய மின்கலம் நீடிக்காது. பழைய இயக்குதளங்களை வாட்ஸ்அப் முதலிய செயலிகள் காலத்துக்குக் காலம் கைவிட்டுவிடுகின்றன. இலவசம் என்ற சொல்லுக்கும் விலையுண்டு. மாமாவின் அன்பு ஏற்கப்பட்டது. கைபேசி லாச்சிக்குள்ளேயே இருந்தது.

இனி எஞ்சியவை இரண்டு வழிகள். 21,000 ரூபா கொடுத்துத் திரையை மாற்றுதல். அல்லது 34,000 ரூபாவுக்குப் பூட்டில்லாத, இரண்டு சிம் அட்டைகளை ஏற்கும் எளிய கருவியொன்றை வாங்குதல். வீட்டிலே விவாதம் எழுந்தது. “45,000 ரூபா கட்டவேண்டிய போனைக் குப்பையில் போடுவதோ?” என்பது தாயின் வாதம். இவ்வாதம் இயல்பானது, மனித மனத்தின் ஆழத்திலிருந்து எழுவது. எனினும் அது கணக்கிற் பிழையானது. திரையை மாற்றினாலும் 45,000 ரூபா கட்டத்தான் வேண்டும். மாற்றாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். எவ்வழியைத் தெரிந்தாலும் மாறாத தொகை, வழிகளை ஒப்பிடும் தராசில் ஏறலாகாது. பொருளியலார் இதனை மூழ்கிய செலவு என்பர். ஆழ்கடலில் வீழ்ந்த நங்கூரத்தை எண்ணி எண்ணித் தோணியைச் செலுத்தாதிருப்பவரின் நிலை, இதனை உணராதவரின் நிலை. ஒப்பிடவேண்டியவை 21,000 ரூபாவும் 34,000 ரூபாவும், அவை ஒவ்வொன்றும் தரும் பயனுமே.

வேறுபாடு 13,000 ரூபா. அத்தொகை எதனை வாங்குகின்றது என்பதை மாணவி ஆராய்ந்தாள். கருவியின் படப்பிடிப்புத் திறனையோ, நிறத்தையோ, வேகத்தையோ அவள் முதலில் நோக்கவில்லை. அயல்வீட்டார் இருவரிடமிருந்து, வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்புள்ள கைபேசிகளை ஒருநாள் இரவல் வாங்கி, அறையிலும் அடுக்களையிலும் முற்றத்திலும், காலையிலும் இரவிலும் சோதித்துப் பார்த்தாள். அவற்றுள் ஒன்று அறைக்குள்ளேயே தங்குதடையின்றி இயங்கியது. பழைய கருவி நிறுவனத்தின் பூட்டுடையது. திரை மாற்றினாலும் 15 மாதங்களுக்கு அதிலே வேறு சிம் அட்டை இயங்காது. அதாவது 21,000 ரூபா செலவழித்த பின்னரும் மதகுக்கு நடக்கவேண்டும். தாயும் கூட நடக்கவேண்டும். 34,000 ரூபாக் கருவியில் ஒரு புறம் ஒப்பந்தச் சிம் அட்டை, மறுபுறம் வீட்டில் இயங்கும் முற்கொடுப்பனவுச் சிம் அட்டை. பகலிலே திருநெல்வேலியில் ஒன்று, இரவிலே புளியங்கூடலில் மற்றொன்று. வங்கியும் பல்கலைக்கழகமும் அறிந்த பழைய தொலைபேசி எண்ணும் கைவிட்டுப் போகாது.

இரண்டாவது சிம் அட்டைக்கு மாதம் 500 ரூபாவாவது வேண்டுமே என்ற ஐயம் எழுந்தது. அப்போதுதான் ஒப்பந்தப் பத்திரம் முதன்முறையாக முழுமையாக வாசிக்கப்பட்டது. ஒன்பது மாதமாகச் சித்தப்பாவின் மேசையிலே மடித்தபடி கிடந்த பத்திரம் அது. ஆறு மாதம் கழிந்த பின்னர் குறைந்த சேவைத் தொகுதிக்கு மாறலாம் என்று அதன் இரண்டாம் பக்கத்திலே சிறிய எழுத்தில் இருந்தது. 1,400 ரூபாத் தொகுதியிலிருந்து 900 ரூபாத் தொகுதிக்கு மாறியபோது, தேவைப்பட்ட 500 ரூபா அங்கிருந்தே வந்தது. நிறுவனம் மறைக்கவில்லை; ஆனால் சொல்லவுமில்லை. உரிமைகளிற் பல இவ்வாறு மடித்த பத்திரங்களுக்குள் உறங்குகின்றன.

34,000 ரூபாவைத் திரட்டுதல் எளிதாக இருக்கவில்லை. தாயின் சீட்டுப் பணம் 20,000 ரூபா விழுவதற்கு ஏழு வாரங்கள் இருந்தன; மிகுதி தோட்ட விளைவிலிருந்து வரவேண்டும். அவ்வேழு வாரங்களும் ஒப்பந்தச் சிம் அட்டை தாயின் பழைய பொத்தான் கைபேசியிலே இருந்தது. அழைப்பும் குறுஞ்செய்தியும் வந்தன, வாட்ஸ்அப் வரவில்லை. சகமாணவியர் குறிப்புகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர்; பீடத்தின் கணினியறை திறந்திருக்கும் நேரங்களை அவள் மனப்பாடமாக அறிந்துகொண்டாள். ஓர் ஒப்படையின் நாள் மாற்றப்பட்ட செய்தி அவளை எட்டாததால் சில புள்ளிகளை இழக்க நேர்ந்தது. ‘இப்ப ஒரு சதமும் கட்டத் தேவையில்லை’ என்ற வாக்கு அவ்வாரங்களில் எத்துணை இனிமையாக ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப்பார்த்தால், அதற்கு இணங்குபவர் மீது குறைகூறத் தோன்றாது. பொறுத்திருக்கும் வலிமை பணத்தைப் போலவே எல்லோர்க்கும் சமமாகக் கிடைப்பதன்று. கடன் விற்பவர் உண்மையில் விற்பது பொருளையன்று. பொறுத்திருக்க வேண்டாத நிலையையே.

கருவியைத் தேரும்போதும் தேவைகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. முதலாவது, பூட்டின்மையும் ஆணைக்குழுவின் அனுமதியும். இரண்டாவது, வீட்டில் எட்டும் நிறுவனத்தின் அலைவரிசையை ஏற்கும் தன்மை. மூன்றாவது, மின்கலத்தின் ஆற்றல். 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றதை அனுபவித்தவர்க்கு இதன் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நான்காவது, பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் எத்தனை வருடம் கிடைக்கும் என்பது. ஐந்தாவது, திரை உடைந்தால் யாழ்ப்பாணத்திலேயே மாற்றத்தக்க உதிரிப்பாகம் உண்டா என்பது. படக்கருவி ஆறாவதாகவே வந்தது. விளம்பரங்களில் முதலாவதாக நிற்பது வாழ்க்கையில் ஆறாவதாகவும், விளம்பரங்களிற் காணப்படாதது வாழ்க்கையில் முதலாவதாகவும் இருத்தல் கூடும்.

இதனால் ஒப்பந்தம் என்பதே தீதென்று கொள்ளலாகாது. 72,000 ரூபாவை ஒருங்கே காணாத குடும்பத்துக்கு, படிப்புத் தொடங்கும் நாளிலேயே கருவியைக் கையில் தந்தது அவ்வொப்பந்தமே. ஒற்றியும் அவ்வாறே எத்தனையோ பிள்ளைகளின் கல்விக்கும் திருமணத்துக்கும் கைகொடுத்திருக்கின்றது. மீளும் நாளை அறிந்து எழுதப்பட்ட ஒற்றி குடும்பத்தைக் காத்தது; நாளறியாது நீட்டப்பட்ட ஒற்றியோ காணியை விழுங்கியது. கட்டின் நன்மை தீமை அதன் பெயரிலன்று, அது அவிழும் நாள் கட்டுண்டவர் கையில் உள்ளதா என்பதிலேயே தங்கியிருக்கின்றது. சட்டத்தின் கடமை அந்நாளைத் தெளிவாக எழுதுவித்தல். நிறுவனத்தின் கடமை அதனை உரக்கச் சொல்லுதல். வாங்குபவரின் கடமை அதனைக் கேட்டல். முன்னைய இரண்டும் நிகழுமட்டும் மூன்றாவது கடமையின் சுமை மிகுதியாகவே இருக்கும்.

பீடத்து மாணவியர் சிலர் புதிய ஒப்பந்தம் எழுதச் செல்லுமுன் அம்மாணவியிடம் வந்து விசாரித்துச் செல்லும் வழக்கம் இப்போது உண்டாயிற்று. எந்தக் கைபேசி நல்லது என்றே அவர்கள் கேட்கின்றனர். அவளோ, வீட்டிலே எந்த நிறுவனம் எட்டுகின்றது என்று முதலிற் கேட்கின்றாள். முற்கொடுப்பனவுச் சிம் அட்டையொன்றைச் சிறு தொகைக்கு வாங்கி ஒரு வாரம் சோதித்து வரும்படி அனுப்புகின்றாள். பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தை வாசித்தாயா என்பது அடுத்த வினா. கருவியின் பெயர் கடைசியாகவே வருகின்றது. தாயோ இப்போது மாலையில் மதகுக்குப் போவதில்லை. அந்நேரத்தில் ஸ்காபரோவிலிருந்து வரும் தமையனின் அழைப்பை அடுக்களையிலிருந்தே எடுக்கின்றார்.